ஓடுகிறவருக்குப் பாசிக் குளிசை தேவையா? மட்டக்களப்பு, அம்பாறை ஓட்டக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடிக் கடற்கரையிலும் வாவிக்கரை வீதியிலும் விடியப்புறத்தில் ஓடுகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமும் அப்படித்தான். அரை மரதனுக்கும் முழு மரதனுக்கும் பெயர் பதிகிறவர்கள் கூடக்கூட, அவர்களுடைய பையில் பச்சைக் குளிசைப் போத்தல்களும் கூடுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மச்சான் அனுப்பியது, பாமசியில் யாரோ சொல்லி வாங்கியது, இணையத்தில் பார்த்து வரவழைத்தது என்று பல வகை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் டொக்டரைக் கேட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும்.

பாசிக் குளிசை என்று விற்பதெல்லாம் ஒன்றுதானா?

இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன.

கூடுதலாக விற்பது ஸ்பிருலினா. பள்ளிக்கூடத்தில் நீலப்பச்சைப் பாசி என்று படித்தோமே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சயனோபற்றீரியா அது. சரியாகச் சொன்னால் பாசியே அல்ல, ஒருவகைப் பற்றீரியா. காரத்தன்மை கூடிய, வெதுவெதுப்பான நீரில் செழித்து வளரும். இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரம் செய்கிறார்கள், ஆனால் ஆபிரிக்காவில் சாட் ஏரிக்கரைச் சனங்கள் இதை வடித்து, மணலில் காயவைத்து, அடையாக வெட்டிக் குழம்பில் கரைப்பது பழைய வழக்கம். மெக்சிக்கோவின் அஸ்டெக் மக்களும் ஏரியிலிருந்து அள்ளித் தின்றவர்கள்தான்.

குளோரெல்லா உண்மையான பச்சைப் பாசி. ஒற்றைக் கலம், தடித்த கலச்சுவர். அந்தச் சுவரை உடைத்துப் பதப்படுத்தாவிட்டால் உள்ளே இருக்கிற சத்தில் பெரும்பகுதி சீரணமாகாமலே வெளியே போய்விடும். பாசி எண்ணெய் என்பது ஒமேகா 3 கொழுப்புக்காக எடுப்பது. அதற்கும் பச்சைக் குளிசைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கெல்ப் என்று விற்பது கடலில் வளரும் பழுப்புப் பாசி, அயடீனுக்காக எடுப்பது. சிவப்பு நிறத்தில் அஸ்டசாந்தின் என்றொரு கப்சூலும் உண்டு. இறாலை அவித்ததும் சிவக்கிறதே, அதற்குக் காரணமான நிறப்பொருள்தான் அது.

ஆகவே “பாசி நல்லதா?” என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. போத்தலைத் திருப்பி, எந்தப் பாசி என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்பிருலினா எடுத்தால் வேகம் கூடுமா?

கூடும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காட்டுவது 2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வை. மிதமான பயிற்சி உள்ள 9 ஆண்கள் 4 கிழமைக்கு ஒவ்வொரு நாளும் 6 கிராம் ஸ்பிருலினா எடுத்தார்கள். 2 மணித்தியாலம் மிதமான வேகத்தில் ஓடியபின், உச்ச வேகத்துக்குக் கிட்டக் களைத்து விழும்வரை ஓடினார்கள். ஸ்பிருலினா இல்லாமல் சராசரியாக 2.05 நிமிடம் தாக்குப்பிடித்தவர்கள், எடுத்தபின் 2.70 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள்.

கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் 9 பேர். அவர்கள் எடுத்த அளவு, அரை கிராம் குளிசை என்றால் நாளுக்கு 12. நம்மவர்கள் காலையில் ரெண்டு, இரவில் ரெண்டு போட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றில் சிறு நன்மை தெரிந்தது, சிலவற்றில் ஒன்றும் தெரியவில்லை. என் கணிப்பு: கிழமைக்கு 3 நாள் ஓடுபவர் 4 நாள் ஓடத் தொடங்கினால் கிடைக்கும் முன்னேற்றத்துக்குப் பக்கத்தில்கூட இது வராது.

“60 வீதம் புரதம், இறைச்சியை விடக் கூட” என்று போத்தலில் போட்டிருக்கிறது. பொய்யா?

பொய் இல்லை, கணக்கு வித்தை. காய்ந்த ஸ்பிருலினா 100 கிராமில் ஏறக்குறைய 57 கிராம் புரதம் உண்டு. ஆனால் 100 கிராம் யார் சாப்பிடுகிறார்கள்? அரை கிராம் குளிசை 6 போட்டால் 3 கிராம். அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. ஒரு கோழி முட்டையில் 6 கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஒரு முட்டைக்கு ஈடு கட்ட 20க்கு மேற்பட்ட குளிசை விழுங்க வேண்டும். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கடையில் விலை கேட்டுப் பாருங்கள்.

காய்ந்த பொருளை ஈரமான பொருளோடு ஒப்பிடுவதுதான் இதில் உள்ள தந்திரம். இறைச்சியில் முக்கால்வாசி தண்ணி. அதையும் காயவைத்துத் தூளாக்கினால் அதுவும் இந்த எண்ணிக்கையைத் தாண்டும். நெத்தலிக் கருவாடு நம்மிடம் உள்ள நல்ல உதாரணம்: காய்ந்தது, புரதம் நிறைந்தது, முள்ளோடு தின்பதால் கல்சியமும் தருவது. உப்புத்தான் கூட. அதையும் வெந்நீரில் அலசிவிட்டுச் சமைக்கலாம்.

நீண்ட தூரம் ஓடுபவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 தொடக்கம் 2 கிராம் புரதம் வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு. 60 கிலோ ஆளுக்கு 72 தொடக்கம் 120 கிராம். மீன், முட்டை, பருப்பு, பயறு, கச்சான், தயிர் என்று மூன்று வேளையும் பிரித்துச் சாப்பிட்டால் அது வந்துவிடும். மத்தியானம் மட்டும் மீன் வைத்து, காலையும் இரவும் பாணும் சம்பலும் என்றால் வராது. நம் வீடுகளில் குறைபாடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

களைப்பாக இருக்கிறது, இரத்தம் குறைவு என்கிறார்கள். இரும்புச்சத்துக்கு ஸ்பிருலினா போதுமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், உண்மையில் கவலைப்பட வேண்டிய விடயம் இது.

முதலில் கணக்கு. 100 கிராம் ஸ்பிருலினாவில் 28 மில்லிகிராம் இரும்பு. 3 கிராமில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8, மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு 18 மில்லிகிராம் தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. 50 கிராம் காய்ந்த பயற்றை அவித்துத் தேங்காய்ப்பூவோடு காலையில் சாப்பிட்டால் 3 மில்லிகிராமுக்கு மேல் வரும். பயற்றுக்காசு எவ்வளவு, குளிசைக்காசு எவ்வளவு?

ஓட்டமே இரும்பைக் குறைக்கிறது. கால் தரையில் திரும்பத் திரும்ப அடிபடும்போது செங்குருதிக் கலங்களில் சில உடைகின்றன. வியர்வையிலும் குடல் வழியாகவும் கொஞ்சம் போகிறது. கடும் ஓட்டத்துக்குப் பின் 3 தொடக்கம் 6 மணித்தியாலத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஓமோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. ஆகையால் விடிய ஓடிவிட்டு, பத்து மணிக்கு இரும்புக் குளிசை போடுவதைவிட, ஓட்டத்துக்கு முன்னோ ஓடி முடித்த கையோடோ எடுப்பது புத்தி.

அடுத்த எதிரி நம் தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி, மரக்கறிச் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். மாறாக, கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுவது, சாப்பாட்டோடு கொய்யாப்பழம் தின்பது இரும்பு சேர உதவும். மீன், இறைச்சி, ஈரலில் உள்ள இரும்பு தானாகவே நன்றாகச் சேரும்.

எல்லாவற்றுக்கும் முதல் இரத்தப் பரிசோதனை. ஈமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, பெரிட்டின் பாருங்கள். இரும்பின் சேமிப்பைக் காட்டுவது அதுதான். ஈமோகுளோபின் சரியாக இருக்கும்போதே பெரிட்டின் விழுந்து கிடக்கலாம். ஓட்டக்காரரில் லீற்றருக்கு 30, 35 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் விளையாட்டு மருத்துவர்கள் பலர் கவனிக்கத் தொடங்குவார்கள். காய்ச்சல் நேரத்திலும் மரதன் ஓடிய மறுநாளும் இந்தப் பரிசோதனை செய்யாதீர்கள், அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்.

பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்குவதும் ஆபத்து. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் காவிகளாக, அதாவது நோய் வெளியே தெரியாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்களாக, இருப்பவர்கள் இலங்கையில் கணிசமான பேர். அவர்களுடைய செங்குருதிக் கலங்களும் சிறியதாகவே தெரியும். அதை இரும்புக் குறைபாடு என்று நினைத்து இரும்பைக் கொட்டக்கூடாது.

ஸ்பிருலினாவில் விற்றமின் பி12 இருக்கிறதாமே? நான் சுத்த சைவம்.

இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்கு உதவாத போலி வடிவம். அதை நம்பி இருக்க வேண்டாம். பாலும் தயிரும் எடுக்கும் சைவக்காரருக்கு ஓரளவு கிடைத்துவிடும். அதையும் எடுக்காதவர் பி12 குளிசையே எடுக்க வேண்டும்.

அப்படியென்றால் எந்தப் பாசிப் பொருளும் உதவாதா?

ஒன்று உதவும்: பாசி எண்ணெய். மீனில் இருக்கும் டி.எச்.ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பை மீன் தானாகச் செய்வதில்லை. கடலில் நுண்பாசி செய்கிறது, அதைச் சிறு உயிர்கள் தின்கின்றன, அவற்றைச் சூடை தின்கிறது, சூடையைச் சூரை தின்கிறது. பாசி எண்ணெய்க் கப்சூல் இந்தச் சங்கிலியின் முதற்படியிலிருந்தே எடுத்தது. மீன் தொடாதவருக்கு இதைவிட நேரான வழி கிடையாது. நாளுக்கு 250 மில்லிகிராம் அளவு போதும்.

சூடையும் கீரியும் கும்பளாவும் கல்முனைச் சந்தையில் வாங்கிக் கிழமையில் ரெண்டு மூன்று நாள் ஆணம் வைக்கிறவருக்கு இது வீண் செலவு. இன்னொன்று, இது ஓட்ட வேகத்தைக் கூட்டும் மருந்து அல்ல. இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய கொழுப்பு, அவ்வளவுதான்.

வாவியிலும் குளத்திலும் பச்சையாய் மிதக்கிறது. பாசிக்குடாக் கடலிலும் கிடைக்கிறது. அதையே காயவைத்து எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்.

குளத்திலும் வாவியிலும் பச்சை வர்ணம் கரைத்ததுபோல் மிதப்பதில் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும் சயனோபற்றீரியாவும் இருக்கக்கூடும். ஈரலைத் தாக்கும் நஞ்சு அது. கொதிக்க வைத்தாலும் அழியாது. 1996 இல் பிரேசிலின் கருவாரு நகரில் சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையமொன்றில், இந்த நஞ்சு கலந்த நீரைப் பயன்படுத்தியதால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். குடிநீரில் லீற்றருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தரமான ஸ்பிருலினாவைக் கட்டுப்பாட்டில் வைத்த தொட்டிகளில், வேறு உயிர்கள் வளரச் சிரமப்படும் காரநீரில் வளர்ப்பதே இதனால்தான். திறந்த ஏரியிலிருந்து அள்ளி எடுக்கும் நீலப்பச்சைப் பாசியும் சந்தையில் உண்டு. அமெரிக்காவின் ஒரேகன் மாநில ஏரியொன்றில் எடுக்கும் வகை அதில் பேர்பெற்றது. அந்த மாநிலமே பிறகு கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று வரம்பு வைக்க வேண்டி வந்தது.

கடற்பாசியில் எல்லாம் நஞ்சில்லை. கஞ்சிப்பாசியிலிருந்து எடுக்கும் அகார் கொண்டு கடற்பாசி இனிப்புச் செய்வது நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் நோன்பு காலத்து வழக்கம். சுத்தம் செய்த அகார் வேறு, கரையொதுங்கியதைப் பொறுக்குவது வேறு. கடற்பாசி தான் வளரும் நீரில் உள்ள பார உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும்.

வாங்கத்தான் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

எந்த இனம், ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம், எங்கே வளர்த்தது, மைக்ரோசிஸ்டினுக்கும் ஈயம், ஆர்சனிக் போன்றவற்றுக்கும் பரிசோதித்த சான்று உண்டா என்று பாருங்கள். விலாசமே இல்லாத போத்தலைத் தொடாதீர்கள். கிலோக்கணக்கில் தூளாக நிறுத்துத் தருகிறார்கள் என்றால் அதுவும் வேண்டாம்.

மாவட்ட, தேசியப் போட்டிகளில் ஓடுகிறவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பிருலினாவோ குளோரெல்லாவோ தடைசெய்த பொருள் அல்ல. ஆனால் சத்துத்தூள், “எனர்ஜி” கலவை என்று வருபவற்றில் லேபிளில் இல்லாத ஊக்கமருந்து கலந்திருந்தால் மாட்டுவது ஓடியவர்தான். தெரியாமல் எடுத்தேன் என்பது விடுதலைக்குப் போதாது. இலங்கையில் விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கும் சட்டம் 2013 இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியையும் பரிசோதித்த முத்திரை உள்ளதை மட்டும் எடுங்கள், இல்லையேல் எடுக்காமலே விடுங்கள். சேலைன் ஏற்றுவதும் இப்படித்தான்: போட்டிக்கு முதல்நாள் “தெம்புக்கு” ஒரு போத்தல் ஏற்றிக்கொள்வதைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். 12 மணித்தியாலத்துக்குள் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளம் வழியே ஏற்றுவது, ஆஸ்பத்திரிச் சிகிச்சையின் பகுதியாக இல்லாவிட்டால், தடைசெய்யப்பட்ட முறை.

யார் எடுக்கவே கூடாது?

பீனைல்கீற்றோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் ஸ்பிருலினாவைத் தொடக்கூடாது. லூப்பஸ் போன்ற, உடலின் எதிர்ப்புச்சக்தி தன்னையே தாக்கும் நோயுள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் எடுப்பவருக்கு குளோரெல்லாவின் விற்றமின் கே இடைஞ்சல். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் டொக்டரைக் கேளாமல் வேண்டாம். தைரொயிட் பிரச்சினை உள்ளவர் கெல்ப் பக்கம் போகாதீர்கள். நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயடீன் போதும், அது அயடீன் சேர்த்த உப்பிலேயே கிடைக்கிறது. சில கெல்ப் குளிசைகளில் அதைப்போலப் பல மடங்கு உண்டு.

சரி, பாசியை விடுவோம். என்ன சாப்பிட்டு ஓடுவது?

சோறு. சிரிக்காதீர்கள், நீண்ட ஓட்டத்தின் எரிபொருள் மாச்சத்துத்தான். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடுபவருக்கு உடல் எடைக் கிலோவுக்கு 5 தொடக்கம் 7 கிராம், ஒன்று தொடக்கம் 3 மணித்தியாலம் ஓடுபவருக்கு 6 தொடக்கம் 10 கிராம் மாச்சத்து வேண்டும். 60 கிலோ ஆள், கடும் பயிற்சிக் காலத்தில் ஆகக் குறைந்தது 360 கிராம் என்று வைத்தால், அது 450 கிராம் சமைக்காத அரிசிக்குச் சமம். பழைய காலத்து வேளாண்மை வெட்டுக்காரர் வட்டையில் சாப்பிட்ட சோற்றை நினைத்துப் பாருங்கள், அந்த அளவு. இப்போதைய இளம் பெடியன்கள் “சோறு கொழுப்பு” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு, விடிய 18 கிலோமீற்றர் ஓடப்போய் 12 இல் கால் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பிறகு குளிசை தேடுகிறார்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு முதல்நாள் இரவு சோறோ இடியப்பமோ புட்டோ வயிறாரச் சாப்பிடுங்கள். கீரை, பருப்பு, தேங்காய்ப்பால் கூடிய கறிகளை அன்றைக்குக் கொஞ்சம் குறைத்தால் மறுநாள் வயிறு குழப்பாது. விடிய எழும்பியதும் ரெண்டு கதலி வாழைப்பழம், அல்லது பாணும் தேனும். வயிறு ஒத்துக்கொள்ளுமா என்பது ஆளுக்கு ஆள் வித்தியாசம். போட்டி நாளில் புதிதாக எதையும் பரீட்சிக்காதீர்கள்.

ஓடி முடித்ததும் எருமைத் தயிரும் சோறும், மேலே தேன் அல்லது பாணி. இது எனக்குப் பிடித்தது என்பதால் மட்டும் சொல்லவில்லை. மாச்சத்து, புரதம், கல்சியம், தண்ணி எல்லாம் ஒரே சட்டியில் இருக்கிறது. மரவள்ளியும் மீன் குழம்பும் அதே வேலையைச் செய்யும். அவித்த முட்டையோடு ரொட்டி, சமபோச உருண்டையோடு ஒரு கோப்பை பால், எதுவானாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதாவது உள்ளே போகட்டும், மறுநாளும் ஓட வேண்டியவராக இருந்தால்.

ஓடும்போது என்ன எடுப்பது? ஜெல் இங்கே கிடைப்பது கஷ்டம், விலையும் கூட.

75 நிமிடத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு ஒன்றும் வேண்டாம், தண்ணி போதும். அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு 30 தொடக்கம் 60 கிராம் மாச்சத்து. இரண்டரை மணித்தியாலத்தையும் தாண்டினால் 90 வரை போகலாம், ஆனால் அதற்கு வயிற்றைப் பழக்க வேண்டும். குளுக்கோசும் புறக்டோசும் கலந்திருக்கவும் வேண்டும்.

தேனில் அந்த ரெண்டும் இயற்கையாகவே உண்டு. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் மாச்சத்து. சின்னப் பைகளில் ஒட்டியோ சிறு பிளாஸ்டிக் குப்பியில் விட்டோ கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். விதை எடுத்த பேரீச்சம்பழம் 5, 6. வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு. கச்சான் அல்வாவும் தொதலும் ருசிதான், ஆனால் கொழுப்புள்ளவை, ஓடும்போது வயிற்றில் கல்லாய்க் கிடக்கும். அவற்றை ஓட்டம் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தண்ணி எவ்வளவு குடிப்பது? இளநீர் போதுமா?

ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைப்பீர்கள். மாரிக்கு முன்பின் புழுக்கமான நாட்களிலோ வியர்வை உலராமல் வழியும், உடம்பு குளிராது. ரெண்டும் ஆபத்துத்தான்.

எல்லாருக்கும் ஒரே அளவு சொல்ல முடியாது. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடையைப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததைவிட ஒரு லீற்றர் கூடுதலாக வியர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். உடல் எடையில் 2 வீதத்துக்கு மேல் இழக்காதபடி குடித்தால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மிஞ்சிக் குடித்துவிட்டீர்கள். வெறும் தண்ணியை லீற்றர் கணக்கில் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் விழுந்து தலைவலி, வாந்தி, தடுமாற்றம் வரும், சில வேளை உயிருக்கே கேடாகும். மரதனில் மெல்ல ஓடுபவர்களுக்கே இது கூடுதலாக வருகிறது, அவர்களுக்குத்தான் குடிக்க நேரம் அதிகம்.

இளநீர் அருமையானது, ஆனால் அதில் கூட இருப்பது பொற்றாசியம். வியர்வையில் கூடப் போவது சோடியம். ஆகவே இளநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். வீட்டிலேயே செய்ய: ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர், 10 தொடக்கம் 12 மட்டமான தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். ஜீவனியை ஓட்டத்துக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அது வயிற்றோட்டத்துக்குச் செய்தது, உப்புக் கூட, சீனி குறைவு. தாகத்துக்கு உதவும், எரிபொருளாக உதவாது.

நோன்பு காலத்தில் ஓடலாமா?

காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று நண்பர்கள் வருடாவருடம் கேட்பது. இங்கே நோன்பு ஏறக்குறைய 13 மணித்தியாலம். நோன்பு திறப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் மெல்லிய ஓட்டம், அல்லது தறாவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு சற்றுக் கூடிய ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். நீண்ட ஓட்டமும் வேக ஓட்டமும் பகலில் வேண்டாம். பேரீச்சம்பழமும் தண்ணியும் நோன்புக் கஞ்சியும் சேர்ந்தால் ஓடியவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. மாச்சத்து, உப்பு, நீர் மூன்றும் வந்துவிடுகின்றன. பொரித்த பண்டங்களைப் பிறகு தின்னுங்கள். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு எழும்பாமல் நோன்பு பிடித்துக்கொண்டு ஓடுவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கச்சி ஒருத்தி கேட்கிறாள்: ஓடத் தொடங்கி எடை குறைந்தது சந்தோசம், ஆனால் மாதவிடாய் வருவதில்லை.

இதைச் சந்தோசமாக எடுக்காதீர்கள், தங்கச்சி. செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் உடம்பு சில வேலைகளை நிறுத்திவிட்டது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 இல் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. எலும்பு மெலியும், கால் எலும்பில் மயிர்போல் வெடிப்பு விழும், அடிக்கடி தடிமன் காய்ச்சல் வரும். ஆண்களுக்கும் இது வருவதுண்டு, வெளியே தெரியும் அடையாளம் குறைவு. மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டொக்டரிடம் போங்கள், கர்ப்பமா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பச்சைக் குளிசை இதற்கு மருந்தல்ல. ஓட்டத்தைக் குறைத்துச் சாப்பாட்டைக் கூட்டுவதே முதல் வேலை.

கதிர்காமப் பாதயாத்திரைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கியபின் கடை இல்லை, தூக்கக்கூடியதைத்தான் தின்னலாம். நடை மெல்லியது என்பதால் கச்சான், கஜு, பொரிமா போன்ற கொழுப்புள்ளவற்றையும் வயிறு தாங்கும். உப்பை மறக்காதீர்கள். குமண, யால வழியில் குளத்து நீரைக் குடிக்க நேர்ந்தால் பச்சை படர்ந்த ஓரத்தில் அள்ள வேண்டாம். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், மேலே சொன்ன நஞ்சை அகற்றாது.

எனக்கு ஏற்கெனவே ரெண்டு போத்தல் ஸ்பிருலினா வந்துவிட்டது. எறிவதா?

எறிய வேண்டாம். நம்பகமான கம்பனியுடையது, திகதி முடியவில்லை, உங்களுக்கு மேலே சொன்ன நோய்கள் இல்லை என்றால் நாளுக்கு ஒரு கிராமில் தொடங்கி, வயிறு சரியாக இருந்தால் 3 கிராம் வரை எடுங்கள். மலம் கடும்பச்சையாகப் போனால் பயப்படாதீர்கள். தோலில் கடி, வயிற்றோட்டம், வாந்தி வந்தால் நிறுத்துங்கள். மூடியை இறுக்கி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த தூள் சீக்கிரம் கட்டி பிடித்து மணக்கத் தொடங்கும், அப்படி மணத்தால் எறிந்துவிடுங்கள். முடிந்ததும் அடுத்த போத்தலுக்கு மச்சானிடம் சொல்லாமல், அந்தக் காசில் ஒரு பெரிட்டின் பரிசோதனை செய்து பாருங்கள்.